காகத்துக்கு வைத்த மின்குமிழ்

என் குரல் எட்டும் தொலைவில்தான் எங்கோ இருக்கிறீர்கள் என்று நான் நம்பும் அன்பான அண்ணை,

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம் குறைவின்றி நிறைவேறியது. படையலில் முருங்கையிலை வறையும் உழுந்து வடையும் இருந்தன. உங்களைக் கைப்பிடித்த மச்சாள் நலம். அவரைப் பற்றிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு முன், உங்கள் வேலை மேசையில் நான் ஆடிய கூத்தை நீங்கள் கேட்டாகவேண்டும்.

மச்சாளுக்குக் காது மங்கியபோது நீங்கள் கட்டிக்கொடுத்த அந்தக் கேட்குங் கருவியை மறந்திருக்கமாட்டீர்கள். மைக்கை எங்கள் முன்னால் வைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டால், கிணற்றடியில் கதைப்பதுகூட அவருக்குக் கேட்கும். போன மாரியில் இடி விழுந்தபோது அந்தக் கருவியின் பெட்டி தப்பிவிட்டது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மட்டும் கருகிப்போனது. அன்றிலிருந்து மச்சாளுக்கு வீடு ஊமையாகிவிட்டது.

திவசம் நெருங்கியதும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அண்டைக்கு நீங்கள் பதிகம் பாடேக்கை உங்கடை வாய் அசையிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. எனக்குப் பாட்டுக் கேக்கவேணும்."

நான் என்ன செய்வேன்? உங்கள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். நீங்கள் வாங்கி வைத்த புதிய மின்வழங்கிப் பலகை அங்கே கிடந்தது. நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டிக்கு வேண்டியது ஒன்பது வோல்ற்று. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் பழைய ஐசி எரிந்துவிடும். அதைப்போல் இன்னொன்று இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ஒரு தளை தட்டினால் வெண்பா வெண்பாவாக நிற்காது அல்லவா? அப்படியான கட்டுப்பாடு.

அந்தப் பலகை இயங்கும் முறையை நீங்கள் விளக்கியது இன்றும் எனக்கு வியப்புத்தான். அதிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, வெளியே போகும் மின்னழுத்தம் முழுவதையும் பார்ப்பதில்லை. இரண்டு தடையிகள் பிரித்துக் கொடுக்கும் சிறு பங்கை மட்டும் பார்க்கிறது. அதைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் மாறாத ஓர் அளவோடு ஒப்பிட்டு, குறைந்தால் கூட்டுகிறது, கூடினால் குறைக்கிறது. நாம் பலகையிலுள்ள சிறு திருகைத் திருப்பும்போது அந்த அளவு அசைவதில்லை. அதற்குக் காட்டப்படும் பங்குதான் மாறுகிறது. பங்கைச் சுருக்கிக் காட்டினால், போதவில்லையென்று எண்ணி மேலும் மேலும் அள்ளித் தருகிறது.

ஆண்டவன் நம் உள்ளத்திலும் அப்படியோர் அசையாத அளவை வைத்திருக்கிறான் என்றே நினைக்கிறேன். அதற்குக் காட்டும் பங்கை நாம்தான் திருகிக்கொண்டிருக்கிறோமோ, அண்ணை?

நீறு பூசிக்கொண்டு மேசையில் அமர்ந்தேன். "முதலிலை காகத்துக்கு வை, பிறகு வீட்டுக்காரருக்குக் குடு" என்பீர்களே, அதன்படி பெட்டியைத் தொடுக்காமல், உங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக் குமிழைத் தொடுத்தேன். மீற்றர் பன்னிரண்டு காட்டியது. குறைக்கவேண்டும். திருகை வலமாகத் திருப்பினேன். எண் ஏறியது. இன்னும் வலமாகத் திருப்பினேன். இன்னும் ஏறியது. சுற்றி முடித்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும் என்ற எண்ணத்தில் மேலும் திருப்பினேன்.

குமிழ் கண்ணைப் பறிக்கும்படி வெளிச்சம் விட்டது; பிறகு செத்தது.

அந்த வெளிச்சத்தைக் கண்டு ஓடி வந்த மச்சாள் மீற்றரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "எந்தப் பக்கம் திருப்பினீங்கள்?" என்றார். கையால் காட்டினேன். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

"உது பிள்ளையாரே தம்பி, வலம் வாறதுக்கு? மற்றப் பக்கம் திருப்புங்கோ!"

உண்மை அதுதான். இத்தனை காலம் கோயில் வீதி வலம் வந்த உடம்பு; கை இடமாகப் போக மறுத்துவிட்டது. காகத்துக்கு முதலில் வைத்திராவிட்டால் அன்று எரிந்திருப்பது மச்சாளின் காது.

மறுநாள் சாவகச்சேரிக்குப் போய் வேறொரு குமிழ் வாங்கிவந்தேன். இம்முறை மச்சாள் பக்கத்தில் கதிரை போட்டுக் காவலிருந்தார். இடமாக, மெல்ல மெல்லத் திருப்பினேன். ஒன்பதில் நின்றது. குமிழை எரியவிட்டுத் தேநீர் குடித்து முடித்தோம், எண் அசையவில்லை. மச்சாள் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தித் திருகின் தலையில் ஒரு துளி விட்டார். "இனி உங்கடை கை உதிலை படக்குடாது" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

நேற்றுப் படையல் முடிந்ததும் பலகையில் பெட்டியைத் தொடுத்து, மைக்கின் முன் அமர்ந்து பாடினேன். மச்சாள் ஹெட்போனுடன் உங்கள் படத்துக்கு எதிரே இருந்தார். கண்ணை மூடியவர் பதிகம் முடியும்வரை திறக்கவில்லை. எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"நல்லாய்ப் பாடினியள் தம்பி. மூண்டாம் பாட்டிலை மட்டும் சுதி இறங்கிப்போச்சு. அவர் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்."

இதைவிட இனிய கண்டனத்தை நான் கேட்டதில்லை.

பிறகு முற்றத்தில் காகத்துக்கு இலை வைத்தோம். ஒன்று மட்டும் இறங்கி வந்து, சோற்றைத் தொடாமல் வடையை எடுத்துக்கொண்டு பறந்தது. வடை என்றால் வேறெதையும் பாராதவர் நம் வீட்டில் ஒருவர்தானே?

அண்ணை, வாக்குத் தருகிறேன். அந்த மெழுகுத் துளியைத் தொடமாட்டேன். பழுது எது வந்தாலும் முதலில் காகத்துக்கு வைப்பேன். அடுத்த திவசத்துக்குள் மூன்றாம் பாட்டின் சுதியைச் சரிசெய்து, மச்சாளின் வாயால் நல்ல சொல் வாங்குவேன்.

உங்கள் அடியொற்றி நடந்த,
இப்போது இடப்பக்கமும் திருப்பத் தெரிந்த,
தம்பி