இரண்டாவது மாத்திரையும் உன் ரத்தப் பரிசோதனையும்

மேலகரம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

அன்பு மகள் எப்சிபாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மருமகனும் வயிற்றிலிருக்கும் செல்லமும் புனேயில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், முழுவதும் படி.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது, அப்பாவின் பழக்கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன, நானும் மதியம் வரை போய் உட்காருகிறேன், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நீ விடச் சொன்னாலும் மருந்து சோதனையை விட்டு விலகமாட்டேன். ஹெபடைட்டிஸ் பி என்கிற மஞ்சள்காமாலை பி வந்து ஈரல் சுருங்கிப்போன என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமான மாத்திரையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்து, ஈரல் தேறுகிறதா என்று திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது மாத்திரை சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு, எனக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். எதிர்வீட்டு மாடத்தி, "ஒன்னைய வச்சுல்லா சோதிச்சுப் பாக்கானுவ" என்கிறாள். பார்க்கட்டுமே, எல்லாம் விளக்கிச் சொல்லி என் சம்மதத்தோடுதானே சேர்த்தார்கள். வேறு மருந்து தொடக்கூடாது என்பது கண்டிப்பு. அப்பா கேட்டால்தானே, "பச்சிலதானட்டி, இதெல்லாம் மருந்தா" என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தந்தார், நானும் குடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நானே போய்ச் சொன்னேன், சொல்லாவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும் அல்லவா. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார். அன்றைக்கு என்னிடம் வாங்கிய ஏச்சில் அப்பா இப்போது அடுப்படிப் பக்கமே வருவதில்லை.

சோதனையை விட்டால்தான் தலைப்பிரசவத்துக்கு வருவேன் என்றாயே, அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா. வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று செய். இந்த நோய் பிறக்கும்போதே தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டும். "எல்லாம் பாத்திருப்பாங்கம்மா" என்ற பேச்சு வேண்டாம், மஞ்சள்காமாலை பி பரிசோதனை செய்தார்களா என்று கேள், இல்லையென்றால் நாளைக்கே செய். மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதே, வேண்டுமானால் நானே பேசுகிறேன். இருக்கிறது என்று வந்தால் அது என்னிடமிருந்து வந்தது, உன்மேல் குற்றமில்லை. உனக்கும் வைத்தியம் உண்டு, பிள்ளைக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. ரிசல்ட் எதுவானாலும் எனக்கு மறைக்காதே. நான் உன்னைப் பெற்ற அன்று இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
உலகம்மை ஏசுவடியான்