ஹால் சுவரில் ஒரு மழைக்கறை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முதல் வேலையாக ஹால் சுவரைப் பார்த்தேன். ராத்திரி மழையில் கறை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஓரத்தில் துரு மஞ்சள், நடுவில் டீத்தூள் நிறம், உப்புப் பூத்த இடத்தில் வெள்ளைப் பொடி. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரம். முட்டி போட்டு போனில் படம் எடுத்தேன். சுவிட்ச் போர்டை கிராப் பண்ணி வெளியே தள்ளினேன். நிழலைக் கொஞ்சம் இறக்கி, மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினேன். அடேயப்பா, என்ன அழகு! இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுத்தான் கறிக்குழம்புக்கு வெங்காயம் நறுக்கினேன்.

சாயங்காலம் லாயிட் போன், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் பக்கம் எடுத்திருக்கிற ரூமிலிருந்து. பெற்ற பிள்ளை, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"மம்மி, அந்த பேஜை டிலீட் பண்ணிடு. சோஃபியா வீட்ல எல்லாரும் பாக்கறாங்க. கிழிஞ்ச கொசுவலை, நசுங்கின சொம்பு, இப்ப ஒழுகற செவுரு! என்ன நெனைப்பாங்க?"

"செவுரு ஒழுகுதுன்னு நெனைப்பாங்க" என்றேன். வைத்துவிட்டான்.

சோஃபியா அவன் ஆபீஸ் பெண். கட்டிக்கொண்டால் அவளைத்தான் என்கிறான். எனக்கும் பிடித்திருக்கிறது. மாசக் கடைசியில் அவள் அப்பா அம்மா குக் டவுனிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். அதுதான் லாயிட் துரைக்கு இந்தப் பதற்றம்.

ஆகஸ்ட் 6

வாட்ஸப்பில் மறுபடி லாயிட்: "உனக்குத்தான் எடிட் பண்ணத் தெரியுமே. அந்தக் கறையை எடுத்துட்டுப் போடேன்."

எடுக்கத் தெரியாதா எனக்கு? விரலால் ஒரு தடவு தடவினால் போனே துடைத்துவிடும். செய்ய மாட்டேன். இருப்பதை நன்றாகத் தெரியவைப்பது ஒன்று, இருப்பதையே இல்லை என்பது வேறு. நாள் முழுக்கப் பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாக டோக்கன் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்து என் சுவரை என் இஷ்டத்துக்குப் பார்க்கக் கூடாதா? இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதானே இவன் இன்ஜினியரிங் படித்தான்? அப்போது கௌரவம் குறையவில்லையா?

டிலீட் பண்ண மாட்டேன் என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

கிளினிக்கிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஒரே பெயின்ட் நாற்றம். சுவர் முழுக்கப் பிஸ்தா பச்சை. சுரண்டி, பட்டி பூசி, மேலே ரெண்டு கோட்டு. லீவுன்னு பிள்ளை வந்திருக்கான். அப்பனும் பிள்ளையும் கூட்டு! என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்தச் செவுரு ஒழுகுது. எத்தனை தடவ சொல்லியிருப்பேன்? அப்பல்லாம் கைய அசைக்காத மனுஷன், சம்பந்தி வர்றாங்கன்னதும் பிரஷ்ஷத் தூக்கிட்டாரு!

என் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் ஏணியில் நின்றபடியே சிரிக்கிறார். "ஏய் மௌரீன், செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சா யாராச்சும் அழுவாங்களா? பைத்தியமா உனக்கு?"

ஆமா. பைத்தியந்தான். இருந்துட்டுப் போறேன்.

ஆகஸ்ட் 17

ஞாயிற்றுக்கிழமை. சமைக்கவில்லை. அப்பனும் பிள்ளையும் ஓட்டலில் வாங்கித் தின்னட்டும்.

ஆகஸ்ட் 20

கிளினிக் விட்டதும் சிவாஜிநகர் போனேன். பேனர், போட்டோ எல்லாம் பிரின்ட் போடுகிற கடை. மூன்றாம் தேதி எடுத்த படத்தைக் கொடுத்து, இருப்பதிலேயே பெரிய அளவில் போட்டு ஃபிரேம் பண்ணித் தரச் சொன்னேன். கடைக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மேடம், எது மேல, எது கீழ?"

"தண்ணி எந்தப் பக்கம் இறங்குமோ அது கீழ."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பிரின்டை நன்றாகவே போட்டுக் கொடுத்தார். உப்புப் பொடி தொட்டால் உதிரும் போல இருக்கிறது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பீரோவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாட்டிவிட்டேன். கறை இருந்த அதே இடத்தில், பிஸ்தா பச்சைக்கு மேலே.

லாயிட்டும் அலெக்சாண்டரும் சோஃபியா வீட்டாரை அழைத்துவர மெயின் ரோடுக்குப் போன நேரம் பார்த்து ஆணி அடித்தேன். எல்லாரும் உள்ளே வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் லாயிட் முகத்தில் ஈயாடவில்லை. அலெக்சாண்டர் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

ரோஸ் குக்கீஸ் அச்சு முறுக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சோஃபியாவின் அப்பா படத்துக்குக் கிட்டே போனார். "என்னங்க இது, ஏதாவது மேப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லாயிட் முந்திக்கொண்டான். "ஃபாரின் ஆர்ட் அங்கிள். ஆபீஸ் ஃபிரெண்டு கிஃப்டா குடுத்தது."

சுருக்கென்றது. என் படத்தையும் எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டானே! சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். தெரியும். ஆனால் முடியவில்லை.

"இல்லீங்க. இது எங்க செவுத்துல இருந்த மழைக்கறை. நான்தான் போன்ல எடுத்தேன். நீங்க வர்றீங்கன்னு போன வாரம் மேல பெயின்ட் அடிச்சிட்டாங்க."

சோஃபியாவின் அம்மா காபி கப்பைக் கீழே வைத்தார். சோஃபியா மட்டும் எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தாள், பிறகு லாயிட்டைப் பார்த்தாள்.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க நாள் குறிக்கலாம் என்று வந்தவர்கள், அந்தப் பேச்சையே எடுக்காமல் எழுந்துவிட்டார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார் அவள் அப்பா.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து லாயிட் கேட்டான்: "இப்ப சந்தோஷமா?"

ஆகஸ்ட் 27

அவன் போனை எடுப்பதில்லை. அலெக்சாண்டர் படத்தைக் கழற்றப் போனார். "கை வெச்சீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குக் கெளம்பிடுவேன்" என்றேன். விட்டுவிட்டார்.

வாய் பேசுகிறது. உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. ஒரு கறைக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா? அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவன் உடைந்துபோவான். பேஜைத் திறந்து டிலீட் வரைக்கும் போய்விட்டேன். நிச்சயமா என்று போன் கேட்டது.

நிச்சயம் இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4

மாதாவே! லாயிட் கூப்பிட்டான். சம்மதமாம். நவம்பரில் கல்யாணம்!

என்ன நடந்தது என்று பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. ‘என்ன குடும்பம் இது, ஒழுகுவதைப் படம் பிடித்து மாட்டுகிறார்கள்’ என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். சோஃபியா சொன்னாளாம்: "அன்னைக்கு அந்த வீட்ல பொய் சொன்னது லாயிட் ஒருத்தன்தான் டாடி. நான் அவனைப் பத்திதான் யோசிக்கணும்." பத்து நாளாக இவனோடு பேசவே இல்லையாம். போய்க் கெஞ்சியிருக்கிறான்.

"உன்னாலதான் மம்மி அவகிட்ட எனக்கு அவ்ளோ திட்டு."

"என்னாலயா?"

மெதுவாக, "சரி, என்னாலதான்" என்றான். உடனே சேர்த்துக்கொண்டான்: "ஆனா கல்யாணத்தன்னைக்கு மட்டும் போனை வெளிய எடுக்காத. ப்ளீஸ்."

பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 22, சனி

கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் கெஞ்சுகிறது. இதை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் நல்ல மழை. காரிலிருந்து கோயில் வாசலுக்கு வருவதற்குள் சோஃபியாவின் வெள்ளை கவுன் ஓரமெல்லாம் செம்மண் சேறு. அவள் அம்மா கர்ச்சீப்பை நனைத்துத் துடைக்க, அது இன்னும் பரவியது. கூலிக்கு வந்த போட்டோகிராபர், "விடுங்க மேடம், எடிட்ல எடுத்துடலாம்" என்றார்.

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். லேஸ் பூவுக்குள் சேறு ஏறியிருக்கிற விதம்! கை பரபரக்கிறது. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல் எங்கே கொடுத்தேன், பார்க்கலாம் என்றுதானே சொன்னேன்?

சோஃபியா என் பையைப் பார்த்தாள். கவுனை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

"மம்மி, இந்த லைட் போதுமா?"

இதுவரைக்கும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் மறைத்தது. போனை எடுத்தேன். குறுக்கே யாரோ வந்தார்கள். லாயிட் கோட்டும் சூட்டுமாக அவர்களைத் தள்ளி நிறுத்தினான்.

"சீக்கிரம் எடு மம்மி. ஃபாதர் காத்திட்டிருக்கார்."

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. சேற்றுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்ற வேண்டும்.