முன்னே வைக்கும் கால்

ஜூலை 4, செவ்வாய்

இரண்டாம் வகுப்பு முழுவதும் தப்பான காலில் பந்து எறிகிறது.

வலது கையால் எறியும் குழந்தை இடது காலை முன்னே வைக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், உடலின் பலம் பந்துக்குப் போய்ச் சேரும். இந்த வயதில் அது படியாவிட்டால், ஆயுள் முழுவதும் வெறும் கைதான் எறிந்துகொண்டிருக்கும். போன வருடம் இதே பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன், அழகாக எறிந்தார்கள். இன்று பாதிக்கு மேல் வலது கையோடு வலது காலையும் நீட்டுகிறார்கள். ஒரு பிள்ளை தவறினால் அது பழக்கம். வகுப்பே ஒரே மாதிரி தவறினால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

யாரென்று தெரியாதா எனக்கு?

ஜூலை 6, வியாழன்

விசில் அக்கா. பிள்ளைகள் வைத்த பெயர். பகலில் உடற்கல்விப் பாடவேளை என்னுடையது; இவள் மாலை விளையாட்டு நேரத்துக்கென்று பள்ளி இந்த ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்த பயிற்சியாளர். என் மகளைவிடச் சின்னவள். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் கேட்டதில்லை. பிள்ளைகளை நண்டு போல் நடக்க விடுகிறாள், தவளை போல் தாவ விடுகிறாள், அவளும் கூடத் தாவுகிறாள். என்னைக் கண்டால் தேவைக்கு மேல் பணிவு. அந்த மாதிரிப் பணிவை நான் நம்புவதில்லை.

இன்று நேராகவே கேட்டேன்.

"எறிய நீங்க சொல்லித் தர்றீங்களா?"

"விளையாட்டுக்கு நடுவுல கொஞ்சம், சார்."

"எந்தக் காலை முன்னே வைக்கச் சொல்றீங்க?"

என் காலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இடது கால்தான் சார்."

உண்மை பேசுகிறவர்களுக்குத் தரையில் என்ன வேலை?

ஜூலை 9, ஞாயிறு

என் இடது முழங்காலில் தைலம் தேய்த்தபடி மனைவி ஆரம்பித்தாள். "டாக்டரைப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. மாடிப்படி இறங்கறப்ப சுவத்தைத் தடவிக்கிட்டு வர்றீங்களே, நான் பாக்கலையா?"

முழங்காலில் ஒன்றுமில்லை. என் இடத்துக்கு ஆள் தயாராகிறது, அதுதான் விஷயம் என்றேன்.

"உங்களுக்குச் சந்தேகப்பட வருஷத்துக்கு ஒரு ஆள் வேணும். போன வருஷம் கணக்கு டீச்சர். இப்ப இந்தப் பொண்ணு."

கணக்கு டீச்சர் என் பாடவேளைகளை விழுங்கியது உண்மை. தேர்வு வந்தால் முதலில் வெட்டுப்படுவது மைதானம்தான். பிள்ளைக்குக் கூட்டல் வராவிட்டால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். ஒற்றைக் காலில் நிற்க வராவிட்டால் யார் கேட்கிறார்கள்?

ஜூலை 11, செவ்வாய்

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தவில்லை; அதற்கு அவசியமும் இருக்கவில்லை. விசில் அக்காவை உள்ளே அழைத்தார்.

"நீ தப்பா சொல்லிக் குடுத்து வகுப்பே கெட்டுப்போச்சுன்னு சார் சொல்றாரு. என்னம்மா இது?"

வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "இனிமே கவனமா இருக்கேன் மேடம்."

இதற்கு ஒப்புதல் என்றுதானே பெயர்? வெள்ளிக்கிழமையோடு அவளை நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூலை 12, புதன்

ஏன் வாயை மூடிக்கொண்டாள்?

ஜூலை 13, வியாழன்

விளையாட்டுச் சாமான் அறையின் சன்னல் மறைவில் நின்று அவள் வகுப்பை வேவு பார்த்தேன். ஆம், வேவுதான், நாகரிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தரையில் சுண்ணக்கட்டியால் பாதங்கள் வரைந்திருந்தாள். முன்னே இடது, பின்னே வலது. சரியாக. துளியும் பிசகில்லாமல். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி அந்தப் பாதங்களை மிதிக்க மறுத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழக்காடினாள்:

"பெரிய சார் இப்படிப் போடமாட்டாரு. இந்தக் காலைத்தான் வைப்பாரு. நாங்க தினம் பாக்கறோம்ல?"

வலது காலை முன்னே குத்தி, தோளைத் தூக்கி, வாயைக் கோணி எறிந்து காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். விசில் அக்கா சிரிக்கவில்லை.

"பெரிய சாருக்கு முட்டி வலிடா. அந்தக் கால்ல பாரம் போட முடியல. வலியோட நின்னு உங்களுக்குச் சொல்லித் தர்றாரு. உனக்கு முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப இந்தக் கால வை."

எல்லோரும் போன பிறகு மைதானத்தில் ஒரு பந்தை எடுத்தேன். யோசிக்காமல் எறிந்தேன். குனிந்து பார்த்தேன்.

வலது கால்.

சொல்வதெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் காதால் கற்பதில்லை, கண்ணால் கற்கிறார்கள் என்று மேடை போட்டுப் பேசியவன் நான்தானே? அடச்சீ. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆரம்பத்திலிருந்தே தெரிஞ்சிருக்கு. அந்த அறையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்? சொல்லல. வேலை போனாலும் போகட்டும்னு நின்னிருக்கா.

ஜூலை 14, வெள்ளி

முதல் மணி அடிக்கும் முன்பே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவளையும் அழைக்கச் சொன்னேன். அவள் முன்னால் குற்றம் சொன்னவன் அவள் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். "கெடுத்தது நான். என் காலைப் பார்த்துத்தான் கெட்டார்கள்" என்றேன். தலைமையாசிரியைக்குப் பாதி புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. தரையைப் பார்த்தாள்.

இந்த முறை நானும்.

ஜூலை 18, செவ்வாய்

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், அதுவும் எதிர்க்கடையிலேயே. அவருக்கும் அந்தக் கடைக்கும் என்ன தொடர்பென்று விசாரிக்க வேண்டும்.

மைதானத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இரட்டைச் சடைக்காரி சுற்றிவந்து பார்த்தாள். "சார், உங்களுக்குப் பனிஷ்மெண்டா?"

"ஆமாம். போய் வரிசையில நில்லு. அக்கா காலைப் பாரு."