காதுகுத்து டிவிடியில் இல்லாத பதினொரு நிமிடம்

இன்று காலை உங்கள் படத்துக்கு முன்னால் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், ஹெப்பகோடியிலிருந்து வந்த உங்கள் மகன். யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், அண்ணி. இருந்தவரை இல்லாமல் ஆக்குவது எவ்வளவு சுலபம் என்பதை உங்களிடம்தான் பார்த்தேன்.

உங்கள் மகன் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தான். திறந்ததும் உங்கள் பீரோவின் அந்துருண்டை நாற்றம். உள்ளே அந்தப் பழைய வீடியோ கேமராவும் குட்டிக் கேசட்டுகளும்.

"அத்தை, அம்மாவோட முப்பதாம் நாளுக்கு இதையெல்லாம் சேர்த்து ஒரு டிவிடி போட்டுக் குடுங்க. சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

"டிவிடியா? அதைப் போட்டுப் பாக்க இப்ப யார் வீட்ல பிளேயர் இருக்கு? பென் டிரைவ்ல குடுத்தா ஆகாதா?" என்றாள் என் மகள்.

"டிவிடிதான் வேணும்னு சொல்லிட்டுப் போனாங்க. ஹை குவாலிட்டியா இருக்கணுமாம்."

"எங்கக்கா போயும் வேலை வாங்குறா பாரு" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹை குவாலிட்டிக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஸ்ரீராம்புரம் வீட்டில் காதுகுத்து டிவிடி போட்ட அந்தப் பிற்பகல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, அம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேசட்டிலிருந்து படத்தை உள்ளே இறக்குவது, வெட்டி ஒட்டுவது, டிவிடியில் ஏற்றுவது, எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டவை. கேசட்டுகளுக்கு எண் போட்டவளும் நான்தான். எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நோட்டில் கோடு போட்டு எழுதுவேன். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து, "பத்தாவது பெயிலு, என்னமா கம்ப்யூட்டர் தட்டுறா" என்றீர்கள். பாராட்டு என்று நினைத்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

மகளின் காதுகுத்து வீடியோ எழுபத்தொரு நிமிடம் வந்திருந்தது. ஒரு டிவிடியில் முதல் தரத்தில் ஏற்றினால் அறுபது நிமிடம்தான் பிடிக்கும். தரத்தை ஒரு படி இறக்கினால் முழுவதும் அடங்கிவிடும், பெரிய வித்தியாசம் தெரியாது என்றேன்.

"மங்கலா இருந்தா எவ பாப்பா? படம் கண்ணாடி மாதிரி இருக்கணும். பதினொரு நிமிஷம்தானே, வெட்டு."

எதை வெட்டுவது என்று கேட்டேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "உங்கப்பா வர்ற எடத்தை."

எனக்கு அண்ணன் தம்பி இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, குடியாத்தத்திலிருந்து வந்த என் அப்பா தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊசியைப் பார்த்து அவள் அலறியபோது, அவள் காதோரம் குனிந்து முருகன் பாட்டுப் பாடினார். பாட்டு மட்டும் நான்கு நிமிடம். நோட்டில் இருக்கிறது.

"தாய்மாமன் இல்லாத வீட்ல பொண்ணெடுத்தோம்னு ஊருக்கே டிவிடி போட்டுக் காட்டணுமா? கேசட்டு எங்கிட்டதானே இருக்கு, வேணுங்கிறப்ப எடுத்துக்கோ."

வெட்டினேன். உங்கள் கை அல்ல, என் கைதான். அந்த டிவிடியில் என் மகளின் முகமும் காதும் மட்டும்தான்; யார் மடியும் இல்லாமல் அந்தரத்தில் காது குத்திக்கொள்கிறாள். அடுத்த நொடியே பந்தியில் பாயசம் வருகிறது. பாயசம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அண்ணி. முந்திரியை எண்ணலாம். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் இறக்கி வைத்திருந்ததையும் அழித்துவிட்டேன். கேசட் உங்களிடம் இருக்கிறது என்று நம்பிய முட்டாள்தனம் என்னுடையது.

இரண்டு வருடத்தில் அப்பா போய்விட்டார். அவர் குரல் வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டேன். "பீரோவுல இருக்கு, தேடணும்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னீர்கள்.

இன்று டின்னிலிருந்த கேசட்டுகளை அந்தப் பழைய நோட்டோடு ஒப்பிட்டேன். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் இருந்தன, ஏழைத் தவிர. அப்பா பாடியது ஏழில்தான். அதன் பெட்டி மட்டும் காலியாக இருந்தது.

"அதுவா அத்தை? கேமராவுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. எத்தனையோ வருஷமாச்சு, மூடி திறக்கவே இல்ல. அம்மா யாருகிட்டயும் சொல்லாதேன்னாங்க."

மத்தியானமே கேமராவை எஸ்.பி. ரோட்டு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். ரிப்பேர்க்காரர் விளக்கடித்துப் பார்த்தார். "டேப் உள்ள சுருண்டு சிக்கியிருக்கு மேடம். மூடியை நெம்பித்தான் எடுக்கணும். நின்ன எடத்துல ரெண்டு மூணு நிமிஷம் போயிடும், மிச்சம் வந்துடும். சொல்ப... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"எந்த இடத்துல நின்னிருக்கு?"

"அது திறந்தாத்தான் தெரியும். திறந்தா அந்த எடம் இருக்காது."

அட்ஜஸ்ட் செய்து செய்துதான் அந்தக் கடை வரை வந்து நின்றேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் முப்பதாம் நாள் டிவிடியைச் செய்துகொடுப்பேன். அந்தக் காதுகுத்து டிவிடிக்குப் பிறகு யாருக்குச் செய்தாலும் தரத்தை ஒரு படி இறக்கி, இருப்பதை முழுவதுமாகத்தான் ஏற்றுகிறேன். மங்கலாக இருந்தாலும் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் வீடியோவிலும் ஒரு நொடி வெட்டப் போவதில்லை. சமையல்காரரை நீங்கள் வைதது, என் அம்மாவுக்கு இலை போடாமல் தாண்டிப் போனது, எல்லாம் இருக்கும். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அந்தக் கேசட்டைக் கேமராவில் போட்டது நீங்கள். எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை; நீங்கள் தனியாக உட்கார்ந்து என் அப்பா பாட்டைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்க என் மனம் இடம் தரவில்லை. டேப் நின்றபோது திரையில் யார் இருந்தார்கள்? பந்தியா, மேளக்காரரா, அப்பாவா? அப்பா என்றால் மூடியை நெம்ப விடமாட்டேன். கேமராவை அப்படியே பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, பொறுமையாகப் பிரிக்கத் தெரிந்த வேறு ஆளைத் தேடுவேன். அம்மனிடம் பூ கேட்கலாம். வலப்பக்கம் விழுந்தால் திறக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டேப் நின்றபோது அந்த அறையில் இருந்தது அம்மன் இல்லை, நீங்கள்.

கனவில் வாருங்கள், எப்படியாவது வாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், அண்ணி.