பச்சை டேப் வைத்த நீலப் பனியன்

ஆகஸ்ட் 20, வியாழன். அவிநாசி

வெயில். காற்றில்லை. காலை 7.10, இரண்டாவது காபிக்குப் பின், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு: கப்பலுக்கு நம் கம்பெனிப் பனியன் ஒன்றுகூட எடுத்துப் போவதில்லை. முப்பது வருடமாக யார் முதுகைப் பார்த்தாலும் தையல்தான் தெரிகிறது. நான்கு நாளாவது மனிதர்களைப் பார்க்கலாம். சுமதியிடம் முறைப்படி அறிவித்தேன். "செரிங்க" என்றாள். வரலாறு அவளைத் தொடவில்லை.

டிக்கெட், செந்தில் உபயம். சுமதியின் தம்பி, கம்பெனியில் என் பங்குதாரன். இதுவரை ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. இப்போது நேராகக் கப்பல். ஏன்?

சுமதி: "எந்தம்பி ஆசையாக் குடுத்ததுல ஓட்டை தேடறீங்க. கப்பல்லயாச்சும் தேடாம வாங்க."

முடித்தவை: நகம் வெட்டியது. பிரஷர் மாத்திரை, 4 நாளைக்கு. மீன் தொட்டிக்கு ஆள். மேரியை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் கையெழுத்து.

மேரி, செக்கிங் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கம். நம்மிடம் ஒன்பது வருடம். நீலப் பனியன் லாட் சாயம் போகிறது என்று, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் ஜூலையில் திருப்பிவிட்டார். மேரி துவைத்துப் பார்க்காமலே பாஸ் போட்டுவிட்டார் என்கிறான் செந்தில். மே மாதமே துவைத்துப் பார்த்து, சாயம் போகிறது என்று எழுதி செந்திலிடமே கொடுத்தேன் என்கிறார் மேரி. பைலில் அப்படி ஒரு தாள் இல்லை.

"ரெண்டு நாள் என் கை நீலமா இருந்துச்சு அண்ணாச்சி. நீங்களே பாத்தீங்க."

பார்த்த ஞாபகம் இல்லை.

கடிதம் என் டிராயரில். நான் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று செந்திலிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் "செரிங்க மாமா". அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறவன் இல்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி. சென்னை, பின்பு கடல்

மேகம். ஒரு மணிக்குப் புறப்பாடு. கப்பலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். காரணம் விசாரித்தேன், இல்லை. சாம்பாருக்கு 'சாம்பார்' என்று பெயர்ப்பலகை. அவசியம்தான். உயிர்காக்கும் படகுகளை எண்ணினேன். ஆட்களையும் எண்ண சுமதி விடவில்லை.

அறைப்பையன் சட்டையில் பக்கத் தையல் கோணல். பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, சனி. திருகோணமலை

நல்ல வெயில். காலை எட்டரைக்குக் கரை இறங்கினோம். மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டும். ஊருக்குள் மான்கள் திரிகின்றன. பஸ் ஸ்டாண்டில் ஒன்று என்னை வெகுநேரம் பார்த்தது. சுற்றுலாத் துறை ஏற்பாடோ. கோயில் மலை, கீழே கடல், சுமதிக்குக் கண் கலங்கியது. எனக்குச் செருப்பு எங்கே விட்டோம் என்ற கவலை.

பிறகு மீன் பார்க்கும் படகு. மீன் வரவில்லை, அலை வந்தது. தலை முதல் வேட்டி வரை உப்பு. மாற்றுச் சட்டை கப்பலில்.

கடற்கரை ஓரம் துணிக்கடை. ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். நீலப் பனியன் ஒன்றை எடுத்துத் தந்தார். கை தன்னாலேயே கழுத்தைப் புரட்டியது. லேபிள் கத்தரிக்கப்பட்டிருந்தது. கழுத்தின் உள்ளே வைத்துத் தைக்கும் டேப், பச்சை.

நீலப் பனியனுக்குப் பச்சை டேப் யாரும் வைக்கமாட்டார்கள். நாங்கள் வைத்தோம். நீல டேப் தீர்ந்துபோய், கடைசி முந்நூறு பீசுக்கு.

அந்த அம்மா சொன்னார்: "தனியத் தோயுங்கோ ஐயா. சாயம் போகும். எங்களுக்கும் வியாபாரி சொல்லித்தான் தந்தவர்."

எப்போது வந்த சரக்கு என்றேன்.

"ஜூன் மாசமே வந்திட்டுது."

பையர் குறை சொன்னது ஜூலையில். ஆர்டர் போக மிச்ச பீஸ்களை வியாபாரிக்கு விற்றது செந்தில். சாயம் போகும் என்று ஜூனில் அவனுக்கு யார் சொன்னது?

மாலையில் கப்பலேறிப் போய்விடுகிறவனிடம் இதை ஏன் சொல்கிறீர்கள் என்று அந்த அம்மாவையும் சந்தேகப்பட்டேன். "போடப்போறது நீங்கள்தானே" என்றார்.

மதியம் முழுக்க அதையே போட்டு நடந்தேன். வியர்வை. மூன்று மணிக்கு உள்ளங்கை, கழுத்து, சுமதியின் கைக்குட்டை எல்லாம் நீலம். கையைப் பார்த்தபடி நின்றபோது மேரியின் கை ஞாபகம் வந்தது. மே மாதம், டீ டம்ளரைப் பிடித்திருந்த கை. பார்த்திருக்கிறேன். மருதாணி தப்பாகிவிட்டதா என்று கிண்டல்கூடச் செய்தேன்.

சுமதியின் போனிலிருந்து செந்திலுக்கு: கடிதத்தைக் கொடுக்காதே.

பதில் நாலே காலுக்கு. "நேத்தே குடுத்தாச்சுங்க மாமா. நீங்க டென்சன் இல்லாம ஊரைப் பாருங்க."

ஊரைப் பார்த்தேன். அந்த மான் அங்கேயே நின்றது.

ஆகஸ்ட் 24, திங்கள். திருப்பூர்

தூறல். ரயிலில் இருந்து நேராகக் கம்பெனி. பனியனை செந்தில் மேசையில் வைத்தேன். கழுத்தைப் புரட்டினான். நம் தொழிலில் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். பச்சையைப் பார்த்தான். பழையபடி மடித்து வைத்தான்.

"கடல் தாண்டியும் விக்குதுன்னா நல்ல சரக்குத்தானுங்க மாமா."

மேரி கொடுத்த தாளைக் கேட்டேன். அக்காவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமா என்று திருப்பிக் கேட்டான். பேச நிறைய தயாரித்து வைத்திருந்தேன், ரயிலில். ஆட்டோ பிடித்தேன்.

பதினொரு மணிக்கு முதலிபாளையம், மேரி வீடு. பூட்டு. பக்கத்து வீட்டு அம்மிணி: "சனிக்கெழமையே சாமானெல்லாம் ஏத்திட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ஊட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க." போன் அணைந்திருக்கிறது.

மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும். தொட்டியில் மீன் இரண்டு குறைகிறது.

செக்கிங் மேசையில் ஆள் இல்லை. இன்றைய லாட்டை செந்தில் பார்த்து அனுப்பினான்.