கடல் சிங்கம் அணி களமிறங்காத ஞாயிறு

கயார்,
மழைக்காலத்தின் கடைசி வாரம்

அன்புத் தம்பி பசீருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா மாகெத் எழுதுவது. நீயும் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். உன் கைபேசிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸோக்னா விமானத்தில் நீ இருக்கும் லாஸ் பால்மாஸுக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். உன் மச்சான் கோர்கி முழங்கால் வீங்கிப் படுத்திருக்கிறார். ஏன் என்று எழுதுகிறேன். வரிசையாக எழுத வருகிறதா பார்க்கிறேன்.

போன ஞாயிறு கால்பந்து இறுதிப் போட்டி. நம் கடல் சிங்கமும் வடக்குத் தெரு அலை அணியும் மோத வேண்டிய நாள். உனக்குத் தெரியாததா? நம் வாப்பாவும் அலியூன் ஜோப்பின் வாப்பாவும் ஒரே படகில் வலை இழுத்தவர்கள். கிழிந்த மீன்வலையை கோல் கம்பத்தில் கட்டி இருவரும் சேர்ந்துதான் அணியைத் தொடங்கினார்கள். ஒரு பெனால்டியை யார் அடிப்பது என்ற சண்டையில் அணி உடைந்தது. அன்றிலிருந்து இரு தெருவும் மீன்கூடைகூட இரவல் கொடுத்ததில்லை. வாப்பாவுக்குப் பிறகு என்னைத் தலைவியாக உட்கார்த்தியபோது, "மீன் விக்கிறவ டீம் நடத்தப் போறாளா?" என்று நீதான் முதலில் சிரித்தாய். அந்த நான் இந்த வருடம் இறுதிப் போட்டி வரை கொண்டுவந்தேன். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு நாள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள் அணியின் படகு பிடிக்கும் மீன் அணிக்கு என்பது இப்போதும் வழக்கம்தான். அன்று படகில் போகிறவர்களும் நம் ஆட்டக்காரப் பிள்ளைகளே. வியாழக்கிழமை மபாத்தே வந்து, "உம்மா, இந்தத் தடவ தூரமாப் போறோம், பெட்ரோல் கொஞ்சம் கூட வேணும்" என்றான். வாங்கிக் கொடுத்தேன். அரிசி மூட்டையைப் பார்த்து, "எதுக்குடா இவ்ளோ அரிசி?" என்று கேட்டேன். "ஜெயிச்சா ஊருக்கே சோறு போட வேணாமா?" என்றான். என் பிள்ளையின் பேச்சில் எனக்குப் பெருமை. மூட்டையின் ஒரு முனையை நானே பிடித்துப் படகில் ஏற்றினேன், பசீரு. ஞாயிறு மதியத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று சனிக்கிழமை இரவு கிளம்பினார்கள்.

ஞாயிறு மாலை மைதானத்தில் ஊசி போட இடமில்லை. தபலா முரசு முழங்குகிறது. அலை அணி இறங்கிவிட்டது, நம் பிள்ளைகளைக் காணோம். பயிற்சியாளர் அறைக்கு ஓடினார். பூட்ஸ் எல்லாம் அப்படியே இருந்தன. சட்டை ஒன்றுகூட இல்லை. படகும் கரைக்குத் திரும்பவில்லை என்றார்கள். இயந்திரம் மக்கர் செய்திருக்கும் என்று நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

களமிறங்காத அணியின் பெயரை அடித்துவிடுவார்கள். உன் மச்சான்தான் எழுந்தார். "பசங்க வந்துருவானுங்க. அதுவரைக்கும் நாம தாக்குப் பிடிப்போம், எந்திரிங்கடா!" என்றார். உன்னோடு ஆடிய அதே ஆட்கள், தொந்தியும் நரையுமாக, மகன்களின் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியனோடு இறங்கினார்கள்.

அலியூன் ஜோப் இப்போது அலை அணிக்குப் பயிற்சியாளர். உன் மச்சானின் ந்ஜாய் வம்சமும் அவனுடைய ஜோப் வம்சமும் கண்ட இடத்தில் கேலி பேசும் பழைய வழக்கம்தான் உண்டே, சும்மா இருப்பானா? "ஏய் ந்ஜாய்! சோத்துச் சட்டி! பேரன் தூக்குற வயசுல உனக்குப் பந்தா?" என்று கத்தினான். உன் மச்சான் கோல் கம்பத்தில் சாய்ந்தபடி, "போடா ஜோப், உங்க பரம்பரையே எங்க வீட்டு மிச்சத்தத் தின்னு வளந்ததுதானே!" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த அரிசி மூட்டை நினைவுக்கு வந்தது.

இரண்டாவது கோல் விழுந்ததும் அலியூனின் மருமகள் ந்தெலா தலைத்துணி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் மைதானத்துக்குள் ஓடிவந்தாள். அவள் புருஷன் லாயே அலை அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். காய்ச்சல் என்று அன்று ஆட வரவில்லை. ஆட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவளால் அதுவரை பொறுக்க முடியவில்லை, மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.

அலியூன் பந்தைத் தாண்டி நடந்து வந்து உன் மச்சானின் கையைப் பிடித்தான். "கோர்கி, ஒன் மவனும் எம் மவனும் ஒரே படகுலதான்யா. ஸ்பெயினுக்குப் போறானுங்களாம்" என்றான்.

தபலா நின்றது. என் வாயில் மென்றுகொண்டிருந்த கோலாக் கொட்டை இருந்தது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அப்படியே நின்றேன். நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி நின்றார். அதை ஊதி ஆட்டத்தை முடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. யார் முதலில் ஓடியது என்று தெரியவில்லை, இரண்டு தெருவும் கடற்கரையில் நின்றோம். எதிரே வெறும் தண்ணீர்.

நேற்று அலியூன் நம் வீட்டுக்கு வந்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் நம் வாசலை மிதித்தது அணி உடைந்த பிறகு இதுதான் முதல் தடவை. தேநீர் மூன்று சுற்று குடித்தான். பிறகு, "அக்கா, ரெண்டு பக்கமும் சேத்தாத்தான் இனி ஒரு டீம் தேறும்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வாப்பாக்கள் காலத்தில் இமாம் வந்து கெஞ்சியும் நடக்காதது இது. என்ன பெயர் வைப்பது என்று கேட்டான். பிள்ளைகள் வந்து வைக்கட்டும் என்றேன். கடல் சேதி எதுவும் காதில் விழ வேண்டாம் என்று வானொலியை அணைத்து வைத்திருக்கிறேன்.

நீ இதே மாதிரி படகில் ஸ்பெயின் போனபோது கடலில் என்ன பட்டாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை நாள் ஆனது என்பதை மட்டும் இப்போது சொல்.

துறைமுகத்துக்குப் போ. கரையேறியவர்களுக்குப் போர்வை கொடுக்கும் இடத்தில் பார். மருத்துவமனையில் பார். இன்னும் எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அணியின் படம் ஒன்றும் உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ பார்த்தபோது மபாத்தே சின்னப் பிள்ளை. முன்வரிசையில் மண்டியிட்டு இருப்பவன்தான் அவன். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு ஒன்று உண்டு. கண்டால் திட்டாதே. உம்மாவுக்குக் கோபம் இல்லை என்று சொல். முதலில் வயிற்றுக்கு ஏதாவது கொடு.

அல்லாஹ் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கரை சேர்க்கட்டும். நல்ல சேதியானால் என் பெயருக்கு எழுது. வேறு சேதியானால் உன் மச்சான் பெயருக்கு எழுது.

துஆவுடன்,
உன் அக்கா
மாகெத்