குழாய்க்குள் நுழைந்த கை

செவ்வாய், 12 செப்டம்பர் 2006

டெமோ முடிந்ததும் மேனேஜர் ரகு கொடுத்த பேடாவின் இனிப்பு, பல் தேய்த்தும் வாயைவிட்டுப் போகவில்லை.

நாங்கள் டெமோவில் காட்டிய விமான எஞ்சின் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. அதை நிஜம்போலக் கண்முன் காட்டும் கருவியைக் கண்ணை மூடி மாட்டிக்கொண்டு கையை நீட்டினால், ஆயில் ஃபில்டருக்கு முன்னால் ஓடும் குழாயில் கை இடித்து நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றவே முடியாது. இப்படிப்பட்ட தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடமாக மென்பொருள் எழுதினோம்.

காலையில் ரகு வந்தார். "கஸ்டமர் வர்றாங்க வித்யா. கை இடிக்கிறதை மட்டும் இன்னைக்கு ஆஃப் பண்ணிடு. அப்புறம் பாத்துக்கலாம்." அவருடைய 'அப்புறம்' எப்போதும் வந்ததில்லை. தெரிந்தே ஆஃப் செய்தேன்.

கஸ்டமரோடு ஒரு மெக்கானிக்கும் வந்திருந்தார். கருவி காட்டிய காட்சியில் அவர் கை குழாயையே ஊடுருவிப் போய் ஃபில்டரை இரண்டே நிமிடத்தில் கழற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, தழும்பேறிய தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் மெதுவாக இந்தியில் கேட்டார்: "மகளே, நிஜ எஞ்சின்லயும் இவ்வளவு இடம் இருக்குமா?"

ரகு முந்திக்கொண்டார். "எல்லாம் கம்ப்யூட்டர் அளந்தது, பெரியவரே."

நான் கருவியை வாங்கி அதன் கண்ணாடியைத் துடைத்தேன். சே, நான் என்ன பிறவி.

'கை தாராளமாக எட்டுகிறது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தை மெக்கானிக் முன் வைத்தார்கள். எங்கே கையெழுத்துப் போடுவது என்று என்னைத்தான் கேட்டார்.

விரல் வைத்துக் காட்டினேன்.